தொடர்பயணச் சான்று

தொடர்பயணச் சான்று என்பது, ஒரு நாட்டுக்குள் சுற்றுலாப் பயணியாக நுழையும் வெளிநாட்டவர், தமக்கு அனுமதிக்கப்படும் தங்கற்காலம் முடிவதற்குள் அந்நாட்டை விட்டு வெளியேறுவார் என்பதைக் காட்டும் ஆவணம் ஆகும். பெரும்பாலும் இது சொந்த நாட்டுக்குத் திரும்பும் விமானப் பயணச்சீட்டாகவோ, மூன்றாவது நாடொன்றுக்குச் செல்லும் பயணச்சீட்டாகவோ அமையும். சில நாடுகள் இதனைச் சட்டப்படி கட்டாயமாக்கியுள்ளன. வேறு சில நாடுகளில் இது எல்லை அலுவலர் கேட்கக்கூடிய பல சான்றுகளுள் ஒன்றாகும்.

சில நாட்கள் மட்டும் தங்கும் பயணிகள் பொதுவாக இருவழிப் பயணச்சீட்டுடன் செல்வதால், இவ்விதி அவர்களுக்குச் சிக்கலை ஏற்படுத்துவதில்லை. பல மாதங்கள் தங்க விரும்புவோரும், திரும்பும் நாளை முன்கூட்டியே முடிவு செய்யாதவர்களும், ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குத் தரைவழியாகச் செல்வோருமே இதனால் பெரிதும் பாதிக்கப்படுகின்றனர். நுழைவிசைவு எனப்படும் விசாவைத் தூதரகம் வழங்குகிறது; பயணச்சீட்டை விமான நிறுவனம் வழங்குகிறது; தங்கற்காலத்தை எல்லை அலுவலர் முடிவு செய்கிறார். இம்மூன்றின் காலக்கணக்குகளும் வேறுபட்டவை. ஒன்று செல்லுபடியாவதால் மற்றொன்றும் செல்லுபடியாகும் எனக் கொள்ள முடியாது.

மூன்று காலங்கள்

நெடுநாள் சுற்றுலாப் பயணத்தில் பின்வரும் மூன்று காலங்களும் தனித்தனியே கருதப்படுகின்றன:

* நுழைவிசைவின் செல்லுபடிக் காலம்: நுழைவிசைவைப் பயன்படுத்தத்தக்க காலம். ஐக்கிய அமெரிக்காவைப் பொறுத்தவரை, இக்காலத்துக்குள் நாட்டின் நுழைவாயிலை அடைந்தால் போதுமானது. ஷெங்கன் நாடுகளிலோ இக்காலம் முடிவதற்குள் வெளியேறவும் வேண்டும்.
* தங்கற்காலம்: ஒரு முறை நுழைந்தபின் நாட்டுக்குள் இருக்க அனுமதிக்கப்படும் காலம். கடவுச்சீட்டில் இடப்படும் முத்திரையோ மின்னணுப் பதிவோ இதனைக் காட்டும்.
* பயணச்சீட்டின் செல்லுபடிக் காலம்: பயணச்சீட்டைப் பயன்படுத்தக்கூடிய காலம். பொதுவாக இது அதிகபட்சம் ஓராண்டு ஆகும். சலுகைக் கட்டணச் சீட்டுகளில் இதைவிடக் குறைவாக இருக்கலாம்.

எடுத்துக்காட்டாக, இந்தியக் குடிமக்களுக்கு ஐக்கிய அமெரிக்கா வழங்கும் பி-2 சுற்றுலா நுழைவிசைவு பொதுவாகப் பத்தாண்டுகள் செல்லுபடியாகும். எனினும் ஒவ்வொரு வருகையின்போதும் வழமையாக ஆறு மாதங்கள் வரையே தங்க அனுமதி கிடைக்கிறது. எந்த நாள் வரை தங்கலாம் என்பதை ஐ-94 எனப்படும் வருகைப் பதிவு காட்டுகிறது. நுழைவிசைவில் அச்சிடப்பட்டுள்ள நாளைத் தங்கும் காலத்தின் இறுதி நாளாகக் கொள்வது பரவலாகக் காணப்படும் தவறாகும்.

சட்ட அடிப்படை

1944 டிசம்பர் 7 அன்று சிகாகோவில் கையெழுத்தான பன்னாட்டுக் குடிசார் வானூர்திப் போக்குவரத்து உடன்படிக்கையின் ஒன்பதாம் இணைப்பு, பயணிகளின் நுழைவு, வெளியேற்றம் ஆகியவற்றுக்கான நடைமுறைகளைக் கூறுகிறது. செல்லும் நாடும் இடைவழி நாடுகளும் கேட்கும் ஆவணங்கள் பயணியிடம் உள்ளனவா என்பதைப் புறப்படும் இடத்திலேயே உறுதிசெய்ய விமான நிறுவனங்கள் முன்னெச்சரிக்கை நடவடிக்கை எடுக்கவேண்டும் என்பது இதன் நெறிகளுள் ஒன்றாகும். நுழைவு மறுக்கப்பட்ட பயணியைத் திரும்ப அழைத்துச் செல்லும் பொறுப்பையும் இவ்விணைப்பு விமான நிறுவனத்தின் மீது சுமத்துகிறது. அதற்கான செலவைப் பயணியிடமிருந்து பெற்றுக்கொள்ள நிறுவனத்துக்குத் தடையில்லை.

இதனுடன் பல நாடுகள் தண்டத்தொகையும் விதிக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2001 ஆம் ஆண்டுப் பணிப்பாணையின்படி, உறுப்பு நாடுகள் தகுந்த ஆவணமற்ற ஒவ்வொரு பயணிக்கும் குறைந்தது 3,000 யூரோ அல்லது உச்ச அளவாகக் குறைந்தது 5,000 யூரோ தண்டம் விதிக்கும் வகையில் சட்டம் இயற்றலாம். இந்தியாவில் 2000 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட குடிவரவு (ஏற்றிச்செல்வோர் பொறுப்பு) சட்டம் பயணி ஒருவருக்கு ஒரு இலட்சம் ரூபாய் தண்டம் விதித்தது. அச்சட்டம் நீக்கப்பட்டு, அதன் இடத்தில் குடிவரவு மற்றும் வெளிநாட்டவர் சட்டம், 2025 நடைமுறைக்கு வந்தது.

பயணியைத் திருப்பி அனுப்பும் செலவும் தண்டமும் தம்மேல் விழக்கூடும் என்பதால், விமான நிறுவனங்கள் விதிகளைக் கண்டிப்பாகப் பின்பற்றுகின்றன. எல்லை அலுவலர் கேட்காமல் விடக்கூடிய தொடர்பயணச் சீட்டை, புறப்படும் விமான நிலையத்தில் நிறுவனப் பணியாளர் கேட்பதற்கு இதுவே காரணமாகும்.

சோதிக்கப்படும் முறை

விமான நிறுவனப் பணியாளர்கள் பன்னாட்டு வான் போக்குவரத்துச் சங்கம் நடத்தும் டைமேட்டிக் என்னும் தரவுத்தளத்தைப் பயன்படுத்துகின்றனர். பயணியின் குடியுரிமை, செல்லும் நாடு, இடைவழி நாடுகள், பயண நோக்கம், தங்கும் நாட்கள் ஆகியவற்றை உள்ளிட்டால், தேவையான ஆவணங்களை அது காட்டும். தொடர்பயணச் சீட்டு தேவை என அதில் குறிப்பிடப்பட்டிருந்து, பயணியிடம் சீட்டு இல்லாவிட்டால், அவருக்கு ஏறும் அட்டை மறுக்கப்படலாம். பயணி அவ்விடத்திலேயே புதிய பயணச்சீட்டு ஒன்றை வாங்கவேண்டிய நிலையும் ஏற்படும். அவசரத்தில் வாங்கப்படும் இத்தகைய சீட்டுகளுக்குக் கட்டணம் மிகுதியாக இருப்பது வழக்கம்.

சோதனையின்போது பொதுவாகக் கவனிக்கப்படுபவை:

* திரும்பும் நாள், அனுமதிக்கப்படும் தங்கற்காலத்துக்குள் வருகிறதா என்பது.
* சீட்டிலுள்ள பெயரும் கடவுச்சீட்டிலுள்ள பெயரும் ஒத்துள்ளனவா என்பது.
* மூன்றாம் நாட்டுக்குச் செல்வதாயின், அந்நாட்டில் நுழையப் பயணிக்குத் தகுதி உள்ளதா என்பது.
* கடவுச்சீட்டு போதிய காலம் செல்லுபடியாகுமா என்பது. பல ஆசிய நாடுகள் ஆறு மாதங்களைக் கேட்கின்றன. ஷெங்கன் நாடுகள், வெளியேறும் நாளிலிருந்து மூன்று மாதங்களைக் கேட்கின்றன.

பேருந்து, தொடர்வண்டிச் சீட்டுகளை ஏற்பதா இல்லையா என்பது நாட்டுக்கு நாடு வேறுபடும். தரைவழியாக வெளியேறத் திட்டமிடுவோர் இதனை முன்கூட்டியே அறிந்துகொள்ளுதல் வேண்டும்.

பயணச்சீட்டு விதிகள்

முன்பதிவுக் காலம்

பெரும்பாலான விமான நிறுவனங்கள் ஏறத்தாழ 11 முதல் 12 மாதங்களுக்கு முன்பே பதிவைத் தொடங்குகின்றன. எனவே ஓராண்டு தங்க விரும்புபவர் புறப்படும்போது, உண்மையில் திரும்பவிருக்கும் நாளுக்குப் பதிவு திறக்கப்பட்டிராமல் இருக்கலாம். இந்நிலையில் முன்னதாக வரும் ஒரு நாளுக்குச் சீட்டு எடுத்து, பின்னர் நாளை மாற்றுவது வழக்கமாக உள்ளது.

நாள் மாற்றம்

நாளை மாற்றும் உரிமை கட்டண வகையைப் பொறுத்தது. மாற்றத்துக்கான கட்டணத்துடன், பழைய கட்டணத்துக்கும் புதிய கட்டணத்துக்கும் உள்ள வேறுபாட்டையும் செலுத்தவேண்டும். மாற்றக் கட்டணம் இல்லை என விளம்பரப்படுத்தப்படும் சீட்டுகளிலும் இவ்வேறுபாடு வசூலிக்கப்படுவது உண்டு. திரும்பும் நாளைக் குறிக்காமல் விற்கப்பட்ட திறந்தநாள் சீட்டுகள் முற்காலத்தில் பரவலாக இருந்தன. இப்போது அவை அரிதாகிவிட்டன.

குறைந்தபட்ச, அதிகபட்சத் தங்கல்

சலுகைக் கட்டணங்கள் பலவற்றில், சென்ற இடத்தில் குறைந்தது இத்தனை நாட்கள், அதிகபட்சம் இத்தனை மாதங்கள் தங்கலாம் என்ற வரம்பு உண்டு. இது வணிக நோக்கில் விமான நிறுவனம் விதிக்கும் வரம்பாகும். ஆறு மாதச் சீட்டு வைத்திருப்பதால் ஆறு மாதம் தங்கும் உரிமை கிடைத்துவிடாது. அதேபோல், நாட்டில் தங்கற்காலம் நீட்டிக்கப்பட்டாலும் சீட்டின் காலம் தானாக நீளாது.

பயணப் பகுதிகளின் வரிசை

ஒரு சீட்டிலுள்ள பயணப் பகுதிகளை அச்சிடப்பட்ட வரிசையிலேயே பயன்படுத்துதல் வேண்டும் என்பதே பெரும்பாலான நிறுவனங்களின் விதியாகும். முதற் பகுதியில் பயணம் செய்யாவிட்டால், திரும்பும் பகுதி உட்பட மீதமுள்ள அனைத்தும் நீக்கப்படலாம். தனித்தனியாக வாங்கப்பட்ட இரு ஒருவழிச் சீட்டுகளுக்கு இது பொருந்தாது.

நள்ளிரவு விமானங்கள்

தெற்காசியாவுக்கு வரும் விமானங்கள் பல நள்ளிரவை ஒட்டிப் புறப்படுகின்றன. 30 ஆம் தேதி 00.30 மணிக்குப் புறப்படும் விமானத்துக்கு, பயணி 29 ஆம் தேதி இரவே விமான நிலையத்தில் இருக்கவேண்டும். தங்கற்காலம் 29 ஆம் தேதியுடன் முடியுமானால், எல்லைச் சோதனையை நள்ளிரவுக்கு முன் கடந்தாரா பின் கடந்தாரா என்பது காலங்கடந்த தங்கலைத் தீர்மானிக்கும். இறுதி நாளுக்கு இரண்டு மூன்று நாட்கள் முன்னதாகத் திரும்பும் சீட்டை வாங்குவது இத்தகைய இடரைத் தவிர்க்கும்.

தங்கற்காலக் கணக்கு: ஷெங்கன் விதி

ஷெங்கன் வலயத்தில் 29 ஐரோப்பிய நாடுகள் உள்ளன. பல்காரியாவும் உருமேனியாவும் 2025 ஜனவரி 1 முதல் முழுமையாக இணைந்தன. குறுகியகாலப் பயணிகள் எந்த 180 நாட்களை எடுத்துக்கொண்டாலும் அவற்றுள் 90 நாட்களுக்கு மேல் வலயத்தில் இருக்கக்கூடாது. இக்கணக்கு முறை 2013 அக்டோபர் 18 முதல் நடைமுறையில் உள்ளது. நுழையும் நாளும் வெளியேறும் நாளும் தங்கிய நாட்களாகவே எண்ணப்படும்.

எடுத்துக்காட்டாக, பன்முறை நுழைவிசைவு உடைய ஒருவர் 2025 மார்ச் 1 அன்று நுழைகிறார் எனக் கொள்வோம். மார்ச்சில் 31, ஏப்ரலில் 30, மே மாதத்தில் 29 என 90 நாட்கள் மே 29 உடன் முடிகின்றன. மூன்று மாதம் எனக் கருதி மே 31 அன்று திரும்பும் சீட்டு வாங்கியிருந்தால், அவர் இரண்டு நாட்கள் காலங்கடந்து தங்கியவராவார். மே 29 அன்று வெளியேறியவர் மீண்டும் நுழையக்கூடிய முதல் நாள் ஆகஸ்டு 28 ஆகும். அன்றிலிருந்து பின்னோக்கி எண்ணப்படும் 180 நாட்களில் மார்ச் 1 விடுபட்டுவிடுவதே இதற்குக் காரணம். இடையில் இலண்டனுக்கோ இசுதான்புல்லுக்கோ ஒரு நாள் சென்று வருவதால் கணக்கு புதிதாகத் தொடங்காது.

நுழைவிசைவில் குறிக்கப்படும் நாட்களின் எண்ணிக்கை 90 ஐவிடக் குறைவாக இருந்தால் அந்த எண்ணிக்கையே பொருந்தும். செல்லுபடிக் காலத்தில் பொதுவாக 15 நாட்கள் சலுகைக் காலமாகச் சேர்க்கப்படுகின்றன. இது பயண நாளைத் தள்ளிவைக்க உதவும். தங்கும் நாட்களைக் கூட்டாது. விண்ணப்பத்துடன் திரும்பும் பயணத்துக்கான பதிவும், குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள மருத்துவக் காப்பீடும் அளிக்கவேண்டும். நுழைவிசைவு மறுக்கப்படக்கூடும் என்பதால், பணம் திரும்பக் கிடைக்காத சீட்டை விண்ணப்பத்துக்கு முன் வாங்குவது இழப்பை ஏற்படுத்தலாம்.

நுழைவையும் வெளியேற்றத்தையும் முகப்படம், விரல்ரேகை ஆகியவற்றுடன் பதியும் மின்னணு முறை 2025 அக்டோபர் 12 அன்று படிப்படியாகத் தொடங்கப்பட்டது. முத்திரைகளை எண்ணிய காலத்தில் தவறிப்போகக்கூடிய மிகைத் தங்கல்கள் இம்முறையில் உடனே தெரியவரும்.

நாடுகள்வாரியாக

ஐக்கிய அமெரிக்கா

நுழைவிசைவு விலக்குத் திட்டத்தின்கீழ் விமானம் வழி வருவோர் 90 நாட்கள் வரை தங்கலாம். இவர்களுக்குத் திரும்பும் அல்லது தொடர்பயணச் சீட்டு கட்டாயமாகும். அச்சீட்டு கனடா, மெக்சிகோ, அண்மைத் தீவுகள் ஆகியவற்றில் முடிவடைந்தால், பயணி அவ்விடத்தில் வசிப்பவராக இருக்கவேண்டும். அந்நாடுகளுக்குக் குறுகிய காலம் சென்று வரும் நாட்களும் பொதுவாக 90 நாட்களுள் எண்ணப்படும். இத்திட்டத்தில் வருவோர் தங்கற்காலத்தை நீட்டிக்க விண்ணப்பிக்க முடியாது. இந்தியாவும் இலங்கையும் இத்திட்டத்தில் இல்லை. பி-2 நுழைவிசைவில் வருவோர், ஐ-94 பதிவின் நாள் முடிவதற்குள் ஐ-539 படிவத்தின் வழி நீட்டிப்புக் கோரலாம்.

கனடா

சுற்றுலாப் பயணிகள் பொதுவாக ஆறு மாதங்கள் தங்கலாம். கனடாவில் குடியேறிய தமிழரின் பெற்றோர் பலர் பயன்படுத்தும் பெற்றோர், பாட்டன் பாட்டியருக்கான சிறப்பு நுழைவிசைவு 2011 டிசம்பரில் தொடங்கப்பட்டது. ஒரு முறை நுழைந்தால் தங்கக்கூடிய காலம், 2022 ஜூலை 4 முதல் இரண்டு ஆண்டுகளிலிருந்து ஐந்து ஆண்டுகளாக உயர்த்தப்பட்டது. இக்காலம் எந்த விமானச் சீட்டின் செல்லுபடிக் காலத்தையும் விட நீண்டது. எனவே இவர்களுக்கு இருவழிச் சீட்டைவிட இரு ஒருவழிச் சீட்டுகள் பொருத்தமாக அமையலாம்.

தாய்லாந்து

இந்தியர் உட்பட 93 நாட்டினருக்கு நுழைவிசைவின்றித் தங்கும் காலம் 2024 ஜூலை 15 அன்று 60 நாட்களாக உயர்த்தப்பட்டது. குடிவரவு அலுவலகத்தில் 1,900 பாட் கட்டணம் செலுத்தி நீட்டிப்புப் பெறும் முறை உள்ளது. நீட்டிப்பு பெற எண்ணியிருப்பவரும், புறப்படும்போது முதல் அனுமதிக் காலத்துக்குள் வெளியேறும் சீட்டைக் காட்டவேண்டி வரலாம்.

இந்தோனேசியா

வருகையின்போது பெறும் நுழைவிசைவு 30 நாட்களுக்குரியது. ஒரு முறை மேலும் 30 நாட்கள் நீட்டிக்கலாம். திரும்பும் அல்லது தொடர்பயணச் சீட்டு கேட்கப்படும்.

ஐக்கிய அரபு அமீரகம்

சுற்றுலா நுழைவிசைவுகள் 30 அல்லது 60 நாட்களுக்கு வழங்கப்படுகின்றன. குடிபெயர்வுச் சோதனை தேவைப்படும் கடவுச்சீட்டு உடைய இந்தியர்கள், அச்சோதனைக்குரிய நாடுகளுக்கு வேலை தவிர்ந்த நோக்கில் செல்லும்போது, திரும்பும் சீட்டைக் காட்டவேண்டும். சுற்றுலா நுழைவிசைவில் அனுப்பப்பட்டு, வேலை வாங்கித் தருவதாக ஏமாற்றப்படுவோர் இந்நாடுகளில் சட்டப் பாதுகாப்பின்றிச் சிக்கிக்கொள்கின்றனர். இவ்விதி அவர்களைப் பாதுகாக்கும் நோக்கமும் கொண்டது.

இந்தியா

2014 நவம்பரில் தொடங்கிய மின்னணுச் சுற்றுலா நுழைவிசைவில் பின்னர் ஓராண்டு, ஐந்தாண்டு வகைகள் சேர்க்கப்பட்டன. நுழைவிசைவு ஐந்தாண்டுக்குரியதாயினும், தொடர்ந்து தங்கும் காலத்துக்கு வரம்பு உண்டு. சுற்றுலாப் பயணிகள் இரு வருகைகளுக்கிடையே இரண்டு மாத இடைவெளி விடவேண்டும் என 2009 இறுதியில் விதிக்கப்பட்டது. இந்தியாவை மையமாகக் கொண்டு இலங்கைக்கும் நேபாளத்துக்கும் சென்று திரும்பத் திட்டமிட்டோர் இதனால் இடர்ப்பட்டனர். 2012 இறுதியில் பெரும்பாலான நாட்டினருக்கு இவ்விதி நீக்கப்பட்டது.

இலங்கை

2012 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த மின்னணுப் பயண அனுமதி முறையில், சுற்றுலாப் பயணிகளுக்குத் தொடக்கத்தில் 30 நாட்கள் வழங்கப்படுகின்றன. திரும்பும் பயணச்சீட்டும் போதிய பணமும் நுழைவு நிபந்தனைகளுள் அடங்கும். நீட்டிப்புக்குக் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்திடம் விண்ணப்பிக்கலாம்.

எல்லை சென்று மீளல்

தங்கற்காலம் முடியும் தறுவாயில் அண்டை நாட்டுக்குச் சென்று, உடனே திரும்பிப் புதிய அனுமதி பெறுவது எல்லை சென்று மீளல் எனப்படுகிறது. தென்கிழக்காசியாவில் இது நெடுங்காலமாகப் பின்பற்றப்பட்டு வந்தது. நுழைவிசைவு விலக்கின்கீழ்த் தரைவழி நுழைவதை ஓர் ஆண்டுக்கு இருமுறை என தாய்லாந்து 2016 இறுதியில் வரையறுத்தது. பொதுவாக, விதி எண்ணிக்கை எதனையும் கூறாத இடங்களிலும், ஒருவர் சுற்றுலா என்ற பெயரில் உண்மையில் அந்நாட்டிலேயே வசிக்கிறார் என அலுவலர் கருதினால் நுழைவை மறுக்கலாம்.

காலங்கடந்த தங்கலின் விளைவுகள்

* தாய்லாந்து: நாளொன்றுக்கு 500 பாட், அதிகபட்சம் 20,000 பாட் தண்டம். 2016 மார்ச் 20 முதல், 90 நாட்களுக்கு மேல் மிகையாகத் தங்கியவர் தாமாக முன்வந்து வெளியேறினாலும் ஓராண்டுத் தடைக்கு உள்ளாவார். பிடிபட்டவருக்குக் குறைந்தது ஐந்தாண்டுத் தடை.
* இந்தோனேசியா: 60 நாட்கள் வரை நாளொன்றுக்கு 10 இலட்சம் ரூபியா தண்டம். அதற்கு மேற்பட்டால் நாடுகடத்தலும் நுழைவுத் தடையும்.
* ஐக்கிய அரபு அமீரகம்: நாளொன்றுக்கு 50 திர்கம் தண்டம்.
* ஐக்கிய அமெரிக்கா: அனுமதிக்கப்பட்ட நாளைக் கடந்தால், பயன்படுத்திய நுழைவிசைவு செல்லாததாகிவிடும். 1996 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 180 நாட்களுக்கு மேல் சட்டப்புறம்பாக இருந்து வெளியேறியவர் மூன்றாண்டும், ஓராண்டு அல்லது அதற்கு மேல் இருந்தவர் பத்தாண்டும் மீண்டும் நுழைய முடியாது.

நோய், இயற்கைச் சீற்றம், விமானச் சேவை நிறுத்தம் போன்ற காரணங்களால் வெளியேற முடியாதவருக்குப் பல நாடுகள் விலக்கு அளிக்கின்றன. ஷெங்கன் நாடுகளில் இத்தகைய தவிர்க்கவியலாக் காரணங்களுக்கான நீட்டிப்புக்குக் கட்டணம் இல்லை. 2020 இல் கொரோனாப் பெருந்தொற்றால் விமானங்கள் நின்றபோது, தாய்லாந்து வெளிநாட்டவரின் தங்கற்காலத்தைத் தானாக நீட்டித்தது. மற்ற நேரங்களில், காலம் முடிவதற்குள் பயணியே விண்ணப்பிக்கவேண்டும். விமானம் நீக்கப்பட்டதற்கான நிறுவனக் கடிதம், மருத்துவச் சான்று ஆகியவை அப்போது தேவைப்படும்.

போலிச் சீட்டுகள்

தொடர்பயணச் சான்றுக்காகவே பதிவு செய்து தரும் சேவைகள் உள்ளன. பேச்சுவழக்கில் இவை டம்மி டிக்கெட் எனப்படுகின்றன. இவற்றுள் இருவகை உண்டு. முதல் வகை, பணம் செலுத்தும் முன் சில மணி அல்லது சில நாட்களுக்கு விமான நிறுவனத்தின் கணினியில் இருக்கும் உண்மையான பதிவு. கெடு முடிந்ததும் இது தானாக நீங்கிவிடுவதால், சோதனையின்போது பி.என்.ஆர். எண்ணைத் தேடினால் கிடைக்காமல் போகலாம். இரண்டாம் வகை, எந்தப் பதிவும் இன்றி உருவாக்கப்பட்ட வெறும் தாள். இதனை அலுவலரிடம் காட்டுவது பொய்யாவணம் அளித்த குற்றமாகும். நுழைவு மறுப்புடன், பிற்காலத்தில் வேறு நாடுகளுக்கு விண்ணப்பிக்கும்போதும் இது தடையாக நிற்கும்.

சட்டத்துக்கு உட்பட்ட மாற்று வழிகள், பணம் முழுமையாகத் திரும்பக் கிடைக்கும் கட்டணத்தில் சீட்டு வாங்குதல், நாள் மாற்றம் அனுமதிக்கும் சீட்டு வாங்குதல், அண்டை நாடொன்றுக்கு மலிவான ஒருவழிச் சீட்டு வாங்குதல் ஆகியனவாகும். ஐக்கிய அமெரிக்காவுக்குச் செல்லும் அல்லது அங்கிருந்து புறப்படும் விமானங்களில், பயணத்துக்குக் குறைந்தது ஏழு நாட்களுக்கு முன் நிறுவனத்திடம் நேரடியாகச் செய்யப்படும் பதிவுக்கு 24 மணிநேரச் சலுகை உண்டு. இதன்படி நிறுவனம் கட்டணமின்றிப் பதிவை நிறுத்திவைக்கவோ, தண்டமின்றி நீக்க அனுமதிக்கவோ வேண்டும்.

இவற்றையும் பார்க்கவும்

* கடவுச்சீட்டு
* நுழைவிசைவு
* ஷெங்கன் உடன்படிக்கை
* சிகாகோ உடன்படிக்கை
* பன்னாட்டு வான் போக்குவரத்துச் சங்கம்